திருச்சபை நடைமுறையில் எது விசுவாசம், எது நாட்டுச் சட்டம், எது பண்பாடு?

கேள்வி: வரைவுக்குழு உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம்.

பல நாடுகளில் சபைகளைக் கொண்ட ஒரு சீர்திருத்தத் திருச்சபை ஐக்கியத்துக்குப் பொதுவான வழிகாட்டி ஏடு ஒன்றை எழுதும் குழுவில் நான் இருக்கிறேன். ஞானஸ்நானம், திருவிருந்து, திருமணம், அடக்க ஆராதனை, காணிக்கைக் கணக்கு, போதகர் நியமனம் ஆகியவற்றுக்கு எல்லா நாட்டுச் சபைகளும் ஏற்கக்கூடிய விதிகளை வகுப்பது எங்கள் பணி. திருவிருந்துப் பகுதி ஒரே அமர்வில் முடிந்துவிட்டது. திருமணப் பகுதியோ மூன்று அமர்வுகள் ஆகியும் முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை.

"போதகர் மணமக்களைக் கணவன் மனைவி என்று அறிவிக்கும் கணத்தில் திருமணம் நிறைவுறுகிறது" என்பதே அந்த வாக்கியம். பிரான்சிலிருந்து வந்த பிரதிநிதி, தம் நாட்டில் அந்த இருவரும் ஆலயத்துக்கு வருவதற்கு முன்பே நகராட்சி மண்டபத்தில் கணவன் மனைவி ஆகியிருப்பார்கள் என்பதால் இதை எழுதவே முடியாது என்றார். அமெரிக்கப் பிரதிநிதி, தம் மாநிலத்தில் மணமக்கள் அரசிடம் பெற்றுவரும் உரிமச் சீட்டில் போதகரே கையெழுத்திட்டு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புவதால் அந்த வாக்கியம் அப்படியே இருக்கட்டும் என்றார். தென்னாப்பிரிக்கப் பிரதிநிதி சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, லொபோலா என்னும் மணக்கொடையைப் பற்றி இரு குடும்பங்களும் பேசி முடித்த நாளிலேயே தம் சபையார் அவர்களைத் தம்பதியாகக் கருதத் தொடங்கிவிடுகிறார்கள், போதகர் அறிவிப்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி என்றார்.

எங்கள் குழுவில் ஒருவர் ஆளும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஆம் அதிகாரத்தை எடுத்தால், மற்றொருவர் மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படியச் சொல்லும் அப்போஸ்தலர் 5:29-ஐ எடுக்கிறார். இரண்டும் எல்லோருக்கும் மனப்பாடமான வசனங்கள்தாம், ஆனால் வரைவு நகரவில்லை. ஆகவே அந்த விவாதத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, நாட்டுச் சட்டங்களும் பண்பாடுகளும் சபையின் அன்றாட நடைமுறைக்குள் உண்மையில் எப்படி நுழைகின்றன, பிற திருச்சபைகள் இதை எவ்வாறு கையாண்டிருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: சட்டம் பயில்பவர்

உங்கள் முதல் வாக்கியம் தடுக்கி விழுந்ததில் வியப்பில்லை. அது இறையியல் வாக்கியம் போலத் தோன்றினாலும் உண்மையில் ஒரு குறிப்பிட்ட சட்ட மரபின் வாக்கியம். போதகரையே பதிவாளராகவும் ஏற்றுக்கொண்ட நாடுகளில்தான் அது பொருள்படும்.

பிரான்சில் 1792 முதல் திருமணம் என்பது குடிமை நிகழ்வு. குடிமைத் திருமணம் முடிந்ததற்கான சான்றைப் பெறாமலே சமயத் திருமணங்களை வழக்கமாக நடத்திவைக்கும் குருவுக்கோ போதகருக்கோ ஆறு மாதச் சிறையும் 7,500 யூரோ அபராதமும் விதிக்க அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 433-21 ஆம் பிரிவு இன்றும் இடமளிக்கிறது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் கட்டாயமான இதே வரிசைமுறை, அதாவது முதலில் பதிவகம், பிறகு ஆலயம் என்பது, 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விலக்கப்பட்டது. விலக்கப்பட்ட பிறகு நடந்ததுதான் உங்கள் குழு கவனிக்க வேண்டியது. கத்தோலிக்க ஆயர்கள், பதிவகத்துக்குச் செல்லாமல் ஆலயத்தில் மட்டும் மணம் புரிய விரும்புவோர் தனி அனுமதி பெற வேண்டும் என்று விதித்தார்கள். சீர்திருத்தத் திருச்சபைகளோ, சட்டம் வற்புறுத்தாவிட்டாலும் குடிமைத் திருமணம் முடிந்தவர்களுக்கே ஆராதனை நடத்துவோம் என்ற நிலையிலேயே நின்றன. திருமணத்தை "உலகியல் காரியம்" என்று சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் சொன்னதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். ஒரே சட்டம் ஒரு திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்த சுமையாகவும், இன்னொரு திருச்சபைக்குத் தன் சொந்தப் போதனையாகவும் இருந்திருக்கிறது.

இங்கிலாந்தின் கதை நேர்மாறானது. 1753-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர மற்ற எல்லோரும் அரசுத் திருச்சபையின் ஆலயத்தில், ஓலை வாசித்தோ (அதாவது திருமணத்தைச் சபையில் முன்கூட்டியே அறிவித்தோ) உரிமம் பெற்றோ மணந்தால்தான் அது செல்லும். ஆகவே 1837 வரை அந்நாட்டின் பாப்டிஸ்டுகளும் கத்தோலிக்கர்களும் தாங்கள் ஒப்புக்கொள்ளாத ஒரு பீடத்தின் முன் நின்று, தாங்கள் ஒப்புக்கொள்ளாத ஒரு குருவின் வாயால் கணவன் மனைவி ஆனார்கள். "போதகர் அறிவிக்கும் கணம்" என்ற எண்ணத்துக்கு இவ்வளவு எடை சேர்ந்ததற்கு இதுபோன்ற சட்டங்களும் காரணம்.

திருச்சபையின் சொந்த விதியே ஒரு சட்டச் சிக்கலுக்கான தீர்வாகத்தான் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆணும் பெண்ணும் தமக்குள் சம்மதம் சொல்லிக்கொண்டாலே திருமணம் என்பதுதான் நெடுங்காலம் மேற்கத்தியத் திருச்சபையின் நிலை. யாருக்கும் தெரியாமல் செய்துகொண்ட மணங்கள் பின்னால் மறுக்கப்பட்டு, மறுத்தவர் வேறொருவரை மணந்துகொள்ளும் வழக்குகள் பெருகியதால்தான், 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம், பங்குக்குருவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் இல்லாத மணம் செல்லாது என்று ஆணையிட்டது. சாட்சிகள் தேவைப்பட்டது நிரூபிப்பதற்காக. நாம் அதைப் புனிதத்தின் பகுதியாக நினைவில் வைத்திருக்கிறோம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். நாட்டுச் சட்டம் சபையின் விசுவாச அறிக்கையைத் திருத்தச் சொல்லி வாசலில் வந்து நிற்பது அரிது. அது பதிவேடு, வரிப் படிவம், விடுமுறைப் பட்டியல், கட்டட உரிமம் ஆகியவற்றின் வழியாகப் பின்கட்டில் நுழைகிறது. இரண்டு தலைமுறை கழிந்ததும் சபையார் அதையே முன்னோரின் விசுவாசம் என்று காக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஜெர்மனியின் திருச்சபை வரி இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. உறுப்பினர் செலுத்தும் வருமான வரியின் மீது பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் 8 விழுக்காடும், பிற மாநிலங்களில் 9 விழுக்காடும் கூடுதலாக வசூலிக்கப்பட்டுத் திருச்சபைக்குச் செல்கிறது. இதிலிருந்து விலக விரும்புபவர் போதகரிடம் சொல்லிப் பயனில்லை. நீதிமன்றத்திலோ பதிவகத்திலோ திருச்சபையை விட்டு விலகுவதாக அறிவிக்க வேண்டும். அவ்வாறு அறிவித்தவர் நற்கருணை போன்ற அருள்சாதனங்களைப் பெற இயலாது என்று ஜெர்மானியக் கத்தோலிக்க ஆயர்கள் 2012-இல் ஆணை பிறப்பித்தார்கள். எல்லையைத் தாண்டிப் பிரான்சுக்குள் சென்றால், ஆண்டு முழுவதும் ஒரு காசும் காணிக்கை கொடுக்காத கத்தோலிக்கர் எவ்விதத் தடையுமின்றி நற்கருணை வாங்குகிறார். இரு பக்கமும் ஒரே போதனை, ஒரே திருச்சபைச் சட்டம். வேறுபடுவது வரிப் படிவம்தான்.

அந்தப் பிரான்சுக்குள்ளேயே ஒரு விந்தை உண்டு. அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது அல்சாசும் மொசேலும் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தன. ஆகவே அங்கே அரசும் திருச்சபையும் நெப்போலியன் காலத்தில் செய்துகொண்ட உடன்பாடு இன்றும் செல்லுபடியாகிறது. குருக்களுக்கும் போதகர்களுக்கும் அரசே ஊதியம் தருகிறது. மதச்சார்பின்மைக்குப் பெயர்பெற்ற குடியரசின் தலைவர், ஸ்திராஸ்பூர் பேராயரின் நியமன ஆணையில் கையெழுத்திடுகிறார். ஒரு நாட்டுக்கு ஒரே நடைமுறை என்று எண்ணி ஏட்டை எழுதினால் அதுவும் சில இடங்களில் பொய்த்துவிடும்.

எனவே திருமணப் பகுதியில் சட்ட விளைவைத் தொடாதீர்கள். ஆலயத்தில் சபை என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற போதகர்

தம்பி எழுதியவை யாவும் சரியே. ஆனால் அவர் எளிதான பாதியை எழுதியிருக்கிறார் என்று சொன்னால் வருந்தமாட்டார் என நம்புகிறேன். சட்டத்துக்கு எண் உண்டு, தேதி உண்டு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டிவிடலாம். பண்பாடு அப்படிப் பிடிபடுவதில்லை. அது எதிரில் இருப்பவரிடம் மட்டும் இருப்பதாகத்தான் நமக்குத் தெரியும்.

பலதார மணத்தை எடுத்துக்கொள்வோம். 1888-இல் இலண்டனில் கூடிய ஆங்கிலிக்கப் பேராயர்களின் லாம்பெத் மாநாடு, பல மனைவியரோடு வாழும் ஆணுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாகாது, அவன் கிறிஸ்துவின் சட்டத்தை ஏற்கும் நிலைக்கு வரும்வரை ஆயத்த வகுப்பிலேயே இருக்கட்டும் என்று தீர்மானித்தது. அவனுடைய மனைவியருக்குச் சில சூழ்நிலைகளில் ஞானஸ்நானம் கொடுக்கலாமென்றும், அதை அந்தந்த இடத்துத் திருச்சபை முடிவுசெய்யட்டுமென்றும் சொன்னது. தாளில் இது ஒழுங்காகத் தெரிகிறது. ஒரு வீட்டுக்குள் இதை வைத்துப் பாருங்கள். மூன்று மனைவியர் உள்ள மனிதர் சுவிசேஷத்தைக் கேட்டு மனந்திரும்புகிறார். ஞானஸ்நானம் வேண்டுமானால் ஒருவரை வைத்துக்கொண்டு இருவரை அனுப்பிவிட வேண்டும். அனுப்பப்படுகிறவளுக்கு நிலம் இல்லை. பிறந்த வீட்டார் மணக்கொடையைத் திருப்பித்தர வேண்டியிருக்கும் என்பதால் அவளை ஏற்கத் தயங்குவார்கள். பிள்ளைகள் தகப்பன் வீட்டில் தங்கிவிடுவார்கள். விவாகரத்தைக் கண்டித்த அதே திருச்சபை, ஞானஸ்நானத் தொட்டியின் வாசலில் இரண்டு விவாகரத்துகளைக் கட்டணமாகக் கேட்டது.

இதைத் திருத்த நூறு ஆண்டுகள் ஆயின. 1988-ஆம் ஆண்டு லாம்பெத் மாநாட்டின் 26-ஆம் தீர்மானம், ஒருதார மணமே கடவுளின் திட்டம் என்பதை உறுதிசெய்துவிட்டு, சுவிசேஷத்தை ஏற்கும் பலதாரக் கணவன் தன் மனைவியரோடும் பிள்ளைகளோடும் ஞானஸ்நானம் பெறலாம் என்றது. அவர்களுள் யாரேனும் உயிரோடிருக்கும்வரை அவன் மீண்டும் மணம் புரியலாகாது, உள்ளூர்த் திருச்சபையின் சம்மதம் வேண்டும், எந்த மனைவியையும் விலக்கும்படி அவனைக் கட்டாயப்படுத்தலாகாது என்ற நிபந்தனைகளோடு அது அனுமதித்தது. போதனை இம்மியும் மாறவில்லை. விலக்கப்படும் பெண்ணுக்கு நேரும் சமூகப் பேரிழப்பே இந்தத் தீர்மானத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. இந்தத் தீர்மானத்தின் அமைப்பை, எது உறுதி, எது விலக்கு, யாருடைய சம்மதம் என்று பிரித்திருக்கும் முறையை, உங்கள் குழு வரிக்கு வரி வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவசரப்பட்டுக் கெடுத்த கதையும் உண்டு. சீனாவில் முன்னோருக்கும் கன்பூசியசுக்கும் செய்யும் மரியாதை குடிமை ஒழுக்கம்தான், வழிபாடு அன்று என்று மத்தேயோ ரிச்சியும் அவரைப் பின்பற்றிய இயேசு சபையினரும் கருதினர். பிற துறவற சபையினர் அதை விக்கிரக ஆராதனை என்றனர். நீண்ட சச்சரவுக்குப் பின் 1704-இலும் 1715-இலும் உரோமை அச்சடங்குகளைத் தடைசெய்தது. மனம் புண்பட்ட காங்சி பேரரசர் கிறிஸ்தவப் பிரசாரத்தையே தடைசெய்தார். 1939-இல் அதே உரோமை, அந்த மரியாதைகள் குடிமை சார்ந்தவை, கிறிஸ்தவர்கள் பங்கேற்கலாம் என்று அறிவித்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எத்தனை குடும்பங்கள் தகப்பனின் நினைவுப் பலகைக்கு முன் தலைவணங்க முடியாமல் ஒதுங்கி நின்றிருக்கும்!

கொங்கோவின் கத்தோலிக்கர்களுக்கென்று 1988-இல் ஏற்கப்பட்ட, அந்நாட்டின் அன்றைய பெயரால் சயீர் முறைமை எனப்படும் திருப்பலி முறையில், தொடக்கத்தில் புனிதர்களோடு நேர்மையாக வாழ்ந்து மறைந்த முன்னோரையும் அழைக்கிறார்கள். பாவ அறிக்கை மறையுரைக்குப் பின் வருகிறது. பீடத்தைச் சுற்றித் தாளத்தோடு அசைந்து ஆடுகிறார்கள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் நான் என் கதையைச் சொல்வதுண்டு. முப்பது ஆண்டுகள் கறுப்பு அங்கி அணிந்து பிரசங்கித்தேன். அது இல்லாமல் பீடத்தில் ஏறுவது பாவம் என்றே இளம் போதகர்களிடம் கடிந்துரைத்திருக்கிறேன். சீர்திருத்தக் காலத்து ஐரோப்பாவில் படித்தவர்கள் தெருவிலும் கல்விக்கூடத்திலும் அணிந்த உடைதான் அது என்பதை ஓய்வுபெறும் தறுவாயில் ஒரு புத்தகத்தில் வாசித்தேன். குருமார் அணியும் திருப்பலி மேலாடையும் பழைய உரோமர்கள் பயணத்தின்போது போர்த்திக்கொண்ட வெளியாடையின் வழிவந்ததே.

பதில் 3: பயணி

நீளமாக எழுத நேரமில்லை. நாட்காட்டியைப் பற்றி ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை ஏட்டில் கட்டாயமாக எழுதிவிடாதீர்கள். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் அங்குள்ள பெரும்பாலான சபைகள் சனிக்கிழமையில்தான் கூடிவந்துள்ளன. ஐக்கிய அரபு அமீரகத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்தவரை ஆலயங்களில் கூட்டம் நிரம்பியது வெள்ளியன்றே. 2022-இன் தொடக்கத்தில் அரசு வார இறுதியைச் சனி, ஞாயிறு என மாற்றியபோது சபைகள் தங்கள் அட்டவணையை மறுபடியும் யோசிக்க நேர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபையிலும், விண்ணேற்ற விழாவை வியாழனிலிருந்து ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ள ஆயர் பேரவைகளுக்குச் சட்டமே இடம் தருகிறது. பல நாடுகளில் அப்படித்தான் நடக்கிறது. இதனால் யாருடைய விசுவாசமும் குறைந்ததாக நான் காணவில்லை.

வரைவுக்குழு உறுப்பினர்

மூவருக்கும் நன்றி. போதகர் ஐயா சொன்ன 1988-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைக் குழுவில் வாசித்தோம். உறுதி, விலக்கு, சம்மதம் என்ற மூன்றடுக்கு முறையை அப்படியே பின்பற்றலாம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. லொபோலா குறித்துத் தென்னாப்பிரிக்கப் பிரதிநிதிக்கு என்ன பதில் எழுதுவது? இரண்டாவது, ஐரோப்பியச் சபை ஒன்று, நோயுற்றோருக்கான ஜெபப் பட்டியலை இணையத்தில் வெளியிடக் கூடாது என்று எங்கள் ஏட்டில் எழுதச் சொல்கிறது. பெயர் சொல்லி ஜெபிப்பதையும் ஒரு சட்டம் தடுக்குமா என்று மற்றவர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள்.

பதில் 4: சட்டம் பயில்பவர்

போதகர் ஐயாவின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

தென்னாப்பிரிக்கப் பிரதிநிதி பண்பாட்டைப் பற்றிப் பேசியதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அவர் சட்டத்தையும் பேசியிருக்கிறார். 1998-இல் இயற்றப்பட்டு 2000-இல் நடைமுறைக்கு வந்த வழக்காற்றுத் திருமண அங்கீகாரச் சட்டப்படி, வழக்காற்று முறையில் பேசி முடித்துக் கொண்டாடப்பட்ட மணம் முழுமையான திருமணம். பதிவு செய்யாமல் விட்டதாலேயே அது செல்லாததாகிவிடாது. மணமகளைக் கணவன் வீட்டாரிடம் முறைப்படி ஒப்படைக்கும் சடங்கு நடக்கவில்லை என்பதாலும் திருமணம் இல்லாமற் போய்விடாது என்று அந்நாட்டு மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அங்கே ஆலயத்துக்கு வரும் இருவர், பிரான்சின் மணமக்களைப் போலவே, ஏற்கெனவே சட்டப்படித் தம்பதியராக இருக்கக்கூடும். நகராட்சி மண்டபத்துக்குப் பதிலாக மாமன்மார் அமர்ந்து பேசிய முற்றம். போதகர் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: ஏற்கெனவே நடந்தது என்ன, யாருடன்? இதைக் கேட்காமல் வேறொருவரோடு மணம் முடித்துவைத்தால் பின்னால் வழக்கு வரும்.

ஜெபப் பட்டியல் பற்றி. 1998-இன் இறுதியில் சுவீடனில் ஒரு சபையின் மறைக்கல்வி ஆசிரியை, விசுவாசத்தை உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் சடங்குக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று தம் வீட்டுக் கணினியில் சில இணையப் பக்கங்களை அமைத்தார். தம்மோடு சபையில் பணிபுரிந்த பதினெட்டுப் பேரின் பணிகளையும் பொழுதுபோக்குகளையும் லேசான நகைச்சுவையோடு அதில் எழுதினார். ஒரு பெண்மணி காலில் அடிபட்டதால் மருத்துவ விடுப்பில் பாதி நேரமே வேலைக்கு வருகிறார் என்பதும் அதில் ஒரு வரி. அவர்களிடம் அனுமதி கேட்கவில்லை. சிலர் விரும்பவில்லை என்று தெரிந்ததும் பக்கங்களை நீக்கிவிட்டார், ஆனாலும் வழக்குத் தொடரப்பட்டு 4,000 குரோனர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 2003-இல் அது, காலில் அடிபட்டது என்பதும் உடல்நலம் பற்றிய தனிப்பட்ட தகவலே என்று தீர்ப்பளித்தது. இன்று நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலையும் சமய நம்பிக்கையையும் தனிப் பாதுகாப்புக்குரியவையாக வைத்திருக்கிறது. ஆகவே அந்த ஐரோப்பியச் சபை மிகைப்படுத்தவில்லை. அதே சமயம் அந்தச் சட்டம் ஜெபத்தைத் தொடவில்லை. இன்னாருக்கு இன்ன நோய் என்று அவருடைய இசைவில்லாமல் உலகத்துக்கே அறிவிப்பதைத்தான் தொடுகிறது. நோயாளிகளுள் சிலரும் அதைத்தான் விரும்பாமல் இருந்திருப்பார்கள். சட்டம் வந்த பிறகே அவர்களிடம் கேட்கத் தோன்றியது என்பது நமக்குச் சற்றுச் சங்கடமான செய்தி.

எல்லாச் சட்டங்களும் இப்படி இணக்கமாக முடிந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். சிறார்மீதான பாலியல் கொடுமை குறித்து ஆஸ்திரேலியாவில் நடந்த அரச விசாரணை ஆணையத்துக்குப் பிறகு, விக்டோரியா, குயின்ஸ்லாந்து உள்ளிட்ட மாநிலங்கள், ஒருவர் குருவிடம் தம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதாக இருந்தாலும் குருவானவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றின. பாவசங்கீர்த்தன இரகசியத்தை நேரடியாக உடைக்கும் குரு உடனடியாகத் திருச்சபை விலக்குக்கு உள்ளாவார் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க இடமில்லை. மலேசியாவில் 1986-ஆம் ஆண்டு அரசாணை, மலாய் பேசும் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாகக் கடவுளைக் குறிக்கப் பயன்படுத்திவந்த "அல்லாஹ்" என்ற சொல்லைத் தங்கள் வெளியீடுகளில் அச்சிடுவதைத் தடுத்தது. கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது 2021-இல்தான். ஜெபத்தில் வாய் திறந்து சொல்லும் முதல் சொல்லையே சட்டம் கைவைத்த இடம் அது. இத்தகைய இடங்களில் மட்டும், நீங்கள் ஒதுக்கிவைத்த அந்த இரண்டு வசனங்களையும் மறுபடி திறந்தாக வேண்டும்.

வரைவுக்குழு உறுப்பினர்

நேற்றைய அமர்வில் திருமணப் பகுதியின் தொடக்கத்தை மாற்றி எழுதினோம். "திருமணத்தின் சட்ட நிலை அந்தந்த நாட்டின் சட்டப்படி அமையும். சடங்குக்கு முன் இருவருடைய மண நிலையையும் போதகர் விசாரித்து அறிய வேண்டும். ஆலயத்தில் மணமக்கள் கடவுளுக்கும் சபைக்கும் முன்பாக உடன்படிக்கை செய்கிறார்கள். போதகர் அதற்குச் சாட்சியாக நின்று ஆசீர்வதிக்கிறார்."

பிரான்ஸ், தென்னாப்பிரிக்கப் பிரதிநிதிகள் கையெழுத்திட்டுவிட்டார்கள். அமெரிக்கப் பிரதிநிதிக்கு "அறிவிக்கிறார்" என்ற சொல் போய்விட்டதில் மனம் ஒப்பவில்லை. தம் நாட்டுச் சபைகளுக்கான பின்னிணைப்பில் அதைச் சேர்த்துக்கொள்ள இடம் கேட்டார், கொடுத்தோம். ஜெபப் பட்டியலில், நோயின் பெயரை எழுதுவதற்கு முன் நோயுற்றவரையே கேட்க வேண்டும் என்ற விதியை நாடு வேறுபாடின்றி எல்லாச் சபைகளுக்கும் பொதுவாக வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் அடக்க ஆராதனைப் பகுதியைத் தொடங்குகிறோம். தகனம் செய்யலாமா என்பதுதான் முதல் வாக்கியம்.